தொண்ணூற்றேழாம் எண்ணுக்கு எதிரான தீர்மானம்

வாருங்கள், வந்து பாருங்கள். லோரெய்ன் நகரின் ஏரிக்கரைச் சாலையில் ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே ஒருவன்மீது குற்றம் சாட்டப்பட்டது, விசாரணை நடந்தது, தண்டனையும் முடிவாயிற்று. சாட்சி சொன்ன எவரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. குற்றப்பத்திரிகை எழுதி நானூறு படிகள் அச்சடித்து ஊர்க் கைகளில் திணித்தவன் லென் ஹாட்ரிக். அந்த லென் ஹாட்ரிக் நான்தான்.

எஃகு ஆலையின் வாயிலில் இருபத்தாறு ஆண்டுகள் தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுத்தவன் நான். ஆலை மூடிய பிறகு என் நாவுக்கும் பேனாவுக்கும் வேலை கொடுத்தது, பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்துதான். எங்கள் அணியின் மைதானத்தில் நூற்றுப் பதினேழாம் பகுதி எங்களுடையது. அந்தப் பகுதியின் ரசிகர் மன்றத்துக்கு நான் செயலாளர். உணவகம் நடத்தும் ரோஸ் பெட்ராக்கிஸ் தலைவர்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது எங்கள் அணி முதல் சுற்றில் எடுத்த புதியவன் தகுதியற்றவன் என்று மன்றம் தீர்மானித்தால், கோடையில் ரசிகர்களுக்குத் திறந்துவிடும் முதல் பயிற்சியில் அவன் களத்துக்குள் ஓடிவரும் கணத்தில் நாங்கள் அனைவரும் எழுந்து முதுகைத் திருப்பி நிற்போம். கூச்சல் கிடையாது, வசவும் கிடையாது. முந்நூறு முதுகுகள் மட்டும் அவனை வரவேற்கும். முப்பது ஆண்டுகளில் இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறோம். அவர்களில் ஒருவன் இரண்டே ஆண்டில் ஊரைவிட்டுப் போனான். மற்றவன் எட்டு ஆண்டு ஆடினான். ஆனால் எங்கள் பகுதியின் பக்கம் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு ஏப்ரலின் கடைசி வியாழக்கிழமை, புதியவர்களை எடுக்கும் நாள், மன்றத்தில் தொலைக்காட்சி முன் எண்பது பேர் கூடியிருந்தோம். பந்தை ஓடிப் பிடிக்க ஒருவனை எடுப்பார்கள் என்று நான்கு மாதங்களாக எதிர்பார்த்திருந்தோம். மேடையில் பெயரைப் படித்தார்கள்: ஆர்லிஸ் டூப்ரே. எதிரணியின் பந்தெறிபவனைப் பாய்ந்து சாய்க்க வேண்டிய தடுப்பு முன்வரிசைக்காரன். லூசியானாவின் சின்னக் கல்லூரி ஒன்று.

"யாரு?" என்றார் ரோஸ்.

தெரியாத பெயர் என்பதாலேயே எண்பது பேரும் ஊளையிட்டோம்.

முதலில் விவரம் கண்டுபிடித்தவர் ஸ்டான் வொய்டோவிச். ஆலையில் பாரந்தூக்கி ஓட்டியவர். எதையும் அங்குலத்தில் அளந்து பேசுகிறவர். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மூணே வருஷம்தான்யா ஆடியிருக்கான்! அதுக்கு முன்னாடி என்ன பண்ணான் தெரியுமா? பள்ளிக்கூட பேண்டுல பெரிய குழல் ஊதிக்கிட்டு இருந்தான்!"

"அந்தக் குழலு முப்பது பவுண்டு" என்றார் டெல்ஃபின் மேபெரி. உடற்பயிற்சி ஆசிரியை, குண்டு எறியக் கற்றுக்கொடுப்பவர். "அதத் தோள்ல மாட்டிக்கிட்டு மூணு மணி நேரம் நடந்து பாருங்க, அப்புறம் பேசுங்க."

"டீச்சரம்மா, எதிராளி காதுல ஊதியா கீழ தள்ளப் போறான்? எறியறவன சாய்க்கணும்மா! வருஷம் பூரா நாலரை தடவைதான் சாய்ச்சிருக்கான்."

"அது என்ன அரை?" என்றார் ரோஸ். "பாதி வரைக்கும் சாய்ச்சுட்டு விட்டுட்டானா?"

"ரெண்டு பேர் சேர்ந்து சாய்ச்சா ஆளுக்குப் பாதி."

"அப்போ மிச்சப் பாதிக்காரன் எங்க? அவனையும் எடுத்திருக்கலாம்ல?"

சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்தது குழப்பம். இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு எடையுள்ளவன் நாற்பது கஜத்தை ஐந்து விநாடிக்குள் ஓடியிருக்கிறான். ஆனால் கை மட்டும் குட்டை. ஒரு பத்திரிகை அவனைப் பொக்கிஷம் என்றது, இன்னொன்று பச்சைக் களிமண் என்றது. மூன்றாவது ஒன்று இரண்டையும் ஒரே பத்தியில் சொன்னது. எது சரி என்று தெரியாதவர்கள், தெரிந்துகொள்ளும் வரை பொறுத்திருக்க வேண்டும். நாங்கள் பொறுக்கவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்தின் சுவரில் அந்தக் கல்லூரியின் ஆட்டங்களைத் திரையிட்டோம். உயரத்திலிருந்து எடுத்த படங்கள் அவை. முகம் தெரியாது, முதுகில் உள்ள எண் மட்டுமே தெரியும். டூப்ரேயின் எண் தொண்ணூற்றேழு என்று கல்லூரிப் பட்டியல் சொன்னது. ஆகவே தொண்ணூற்றேழைப் பார்த்தோம்.

செப்டம்பர் ஆட்டங்கள் ஐந்திலும் தொண்ணூற்றேழு நகரவே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் மூச்சிரைத்து, இடுப்பில் கைவைத்து, ஒரு காலில் சாய்ந்து நின்றது. அக்டோபர் பிறந்ததும் அதே எண் புயலாயிற்று. ஆட்களைக் கதவுகளைப் போலத் திறந்துகொண்டு போயிற்று.

"பாத்தியா?" என்றார் ஸ்டான். "செப்டம்பர்ல தூக்கம். ஆள் பாக்க வர்றவங்க அக்டோபர்லதான் வருவாங்க. அப்போ முழிச்சுக்கிட்டான். கள்ளப் பய!"

"ஆனா செப்டம்பர்ல ரெண்டு தடவை சாய்ச்சதா கணக்குல போட்டிருக்கே ஸ்டான்" என்றார் டெல்ஃபின். "நாம அதப் பாக்கவே இல்லையே?"

"கணக்கு எழுதறவன் அந்தக் கல்லூரிக்காரன். நம்ம கண்ணு யாரோடது? நம்மளது!"

கைதட்டல் எழுந்தது. நானும் கைதட்டினேன். அச்சடித்த கணக்கைவிடப் பார்த்த கண்ணை நம்பு என்று ஆலை வாயிலில் ஆயிரம் முறை முழங்கியவன் அல்லவா நான்!

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் செப்டம்பர் ஆட்டங்களில் தொண்ணூற்றேழின் பக்கத்தில் ஐம்பத்தெட்டு என்ற எண் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அந்த ஐம்பத்தெட்டு பந்தெறிபவனைத் தூக்கிச் சாய்த்தபோது ஸ்டான் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"அடேய், இவனைல்ல எடுத்திருக்கணும்! யாரு இந்த அம்பத்தெட்டு?"

ரோஸ் பட்டியலைப் பார்த்தார். "அம்பத்தெட்டுன்னு ஒரு நம்பரே இல்லையே."

"காலேஜ விட்டே ஓடியிருப்பான். இந்த மாதிரி சோம்பேறிகூட எவன் ஆடுவான்?"

இதையும் ஒப்புக்கொண்டோம். அன்று மாலையே நான் எழுத உட்கார்ந்தேன். தலைப்பு: ‘ஐந்து ஆட்டம் உறங்கியவன்.’ உள்ளே இப்படி முழங்கியிருந்தேன்: ‘உழைக்காத கைக்கு உழைப்பாளிகளின் நகரம் கைகொடுக்குமா?’ நானூறு படிகள். முடிதிருத்தகத்தில், மீன்வறுவல் கடையில், தேவாலயப் படிகளில் என் கையாலேயே கொடுத்தேன். ஜூன் மாதக் கூட்டத்தில் முதுகு திருப்பும் தீர்மானம் அறுபத்தொன்றுக்குப் பதினான்கு என்ற வாக்கில் நிறைவேறியது. எதிர்த்தவர்களில் டெல்ஃபின் ஒருவர்.

"எதுக்கு எதிர்க்கறேன்னு எனக்கே தெரியல லென்" என்றார் வெளியே வந்து. "நல்லவன்னு சொல்லல. ஒண்ணும் புரியல. புரியாத ஒண்ணுக்கு எதுக்கு எழுந்து நிக்கணும்?"

அதற்கு நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அதில் எதுவும் இப்போது நினைவில்லை.

ஜூலை மாதம், பயிற்சிக்குப் பதினொரு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் மன்றத்தின் தொலைபேசி ஒலித்தது. நான் மட்டுமே இருந்தேன்.

"ஹலோ, நூத்திப் பதினேழாம் பகுதிக்காரங்களா?" பெண்குரல், தெற்கத்திப் பேச்சு.

"ஆமாம்மா, சொல்லுங்க."

"நான் வெர்லீன் டூப்ரே. ஆர்லிஸோட அம்மா. வேலையா இருக்கீங்களாய்யா?"

இல்லை என்றேன். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவராம். கோடை விடுமுறையாதலால் தங்கையோடு இரண்டு நாள் வண்டியோட்டிப் பயிற்சிக்கு வருகிறாராம்.

"எங்க உக்காரலாம்னு டிக்கெட் குடுக்கற பொண்ணுகிட்ட கேட்டேன். ‘இந்த ஊர்லயே விசுவாசமான ஆளுங்க நூத்திப் பதினேழுலதான் இருப்பாங்கம்மா’ன்னு சொல்லிச்சு. ஏழாவது வரிசை எடுத்துட்டேன். உங்க நம்பரும் அந்தப் பொண்ணுதான் குடுத்துச்சு. அங்க வெயில் அடிக்குமாய்யா?"

"காலைல அடிக்கும்மா."

"அப்போ தொப்பி எடுத்துக்கறேன். நீங்க எல்லாரும் உள்ள போறதுக்கு முன்னாடி வண்டி நிறுத்தற எடத்துலயே சமைச்சு சாப்பிடுவீங்களாமே? நான் செவப்பு பீன்ஸும் சோறும் கொண்டாரவா? நாப்பது பேருக்குச் செய்வேன், சும்மா சொல்லக்கூடாது."

மேசையில் மீந்திருந்த துண்டறிக்கைகளைக் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார். "எந்த ஜெர்சி போட்டுக்கிட்டு வர்றதுன்னு குழப்பமா இருக்கு. காலேஜ்ல மொதல்ல போட்ட அம்பத்தெட்டா, அப்புறம் போட்ட தொண்ணூத்தேழா?"

"என்ன சொன்னீங்க?"

"அம்பத்தெட்டுதான்யா அவன் நம்பர். தொண்ணூத்தேழு அவன் ரூம்ல இருந்த கார்வினோடது. பாவம், அந்தப் புள்ள மொத ஆட்டத்துலேருந்தே முட்டி வலியோட ஆடிச்சு. அஞ்சாவது ஆட்டத்துல முட்டியே போயிருச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, ‘என் நம்பராவது ஆடட்டும்டா’ன்னு இவன்கிட்ட கேட்டுச்சாம். இவனும் அந்த ஜெர்சிய மாட்டிக்கிட்டான். ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அப்போ பீன்ஸ் கொண்டாரேன்."

நண்பர்களே, ஒரே துண்டறிக்கையில் நான் இரண்டு பேரைக் கொன்றிருந்தேன். உறங்கினான் என்று எழுதியது டூப்ரேயை. உறங்கியதாக நான் கண்டதோ நொந்த முட்டியோடு நின்ற வேறொரு பிள்ளையை.

அன்று மாலையே ரோஸையும் ஸ்டானையும் டெல்ஃபினையும் அழைத்தேன். தொலைபேசியில் கேட்டதைச் சொன்னேன். "போடு படத்தை" என்றார் ஸ்டான்.

செப்டம்பர் ஆட்டங்களை மறுபடி திரையிட்டோம். இம்முறை ஐம்பத்தெட்டை மட்டும் பார்த்தோம். எல்லாம் தெளிந்துவிடும் என்று நான் நம்பினேன். உண்மை வெளிப்பட்டால் குழப்பம் ஓடிவிடும் என்று மேடைதோறும் பேசியவன் வேறெப்படி நம்புவான்?

தெளியவில்லை. மே மாதத்தில் ஸ்டானைத் துள்ளவைத்த அதே ஐம்பத்தெட்டு, முதல் ஆட்டத்தில் நிமிர்ந்து நின்று ஒரே தள்ளலில் மல்லாந்து விழுந்தது. மூன்றாவது ஆட்டத்தில் பந்து யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் வெறுங்கையோடு நின்றவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்து, எழுந்து ஆடிப்பாடியது. பந்து அதற்குள் மறுகோடிக்குப் போயிருந்தது. அடுத்த முறையே மூன்று பேரைத் தோளில் சுமந்துகொண்டு போய்ப் பந்தெறிபவனைப் பிடித்தது.

"நல்லவனா?" என்றார் ரோஸ்.

"தெரியல" என்றார் ஸ்டான்.

"கெட்டவனா?"

"அதுவும் தெரியல. மே மாசம் இவன நான் ஏன் அவ்ளோ புகழ்ந்தேன்?"

"தொண்ணூத்தேழத் திட்டறதுக்காக" என்றார் டெல்ஃபின். "இவனுக்கு இன்னும் ஆட்டம் தெரியல ஸ்டான். அவ்ளோதான்."

"அதத்தானே டீச்சரம்மா ஏப்ரல்லேருந்து கத்திக்கிட்டு இருக்கேன்!"

"நீங்க சோம்பேறின்னு கத்தினீங்க. ஓடி ஓடித் தப்பா போறவன் சோம்பேறியா?"

ஸ்டான் தலையைச் சொறிந்தார். "அப்போ நான் சொன்னது சரியா, தப்பா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. என் நிலை அதைவிட மோசம். என் சாட்சியம் பொய், என் குற்றச்சாட்டும் பொய். ஆனாலும் அணி தவறான ஆளை எடுத்துவிட்டது என்ற என் முடிவு மட்டும் ஒருவேளை மெய்யாகவே இருக்கலாம்! அப்படிப்பட்டவன் எந்த மேடையில் ஏறி எதைப் பேசுவது?

ஒன்று மட்டும் விளங்கியது. இன்னும் பதினொரு நாளில் ஏழாவது வரிசையில் தொப்பி அணிந்த ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். மகன் களத்துக்குள் ஓடிவருவான். அவரைச் சுற்றி முந்நூறு பேர் எழுந்து அவனுக்கு முதுகைக் காட்டுவார்கள். முன்வரிசையினர் அவரைப் பார்த்தபடியும் பின்வரிசையினர் அவருக்கு முதுகு காட்டியும் திரும்பி நிற்கும்போது, அந்தக் கூட்டத்தில் களத்தை நோக்கும் முகம் அவர் முகம் மட்டுமே.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம். எழுபது பேர் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன், தீர்மானத்தை ரத்து செய்யக் கோரினேன். ரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மன்றத்தின் விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

"பதினொண்ணாம் விதி. ‘நிறைவேறிய தீர்மானம் செப்டம்பர்ப் பொதுக்கூட்டம் வரை மாற்றப்படலாகாது.’ இத எழுதினது யாரு?"

"நான்."

"ஏன் எழுதின?"

"போன தடவை திங்கக்கிழமை ஒண்ணும் புதன்கிழமை ஒண்ணுமா மாத்தி மாத்தி ஓட்டுப் போட்டீங்க. ஊரே சிரிச்சுது."

"இப்போ சிரிக்குது பாரு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அதன்பின் அங்கே எழுந்த குழப்பம் சொல்லி மாளாது. ஒருவர், டூப்ரேவுக்கு அணி வேறு எண் கொடுத்துவிட்டதால் தொண்ணூற்றேழுக்கு எதிரான தீர்மானம் அவனைக் கட்டுப்படுத்தாது என்றார். தீர்மானத்தில் பெயரும் இருக்கிறது என்று இன்னொருவர் சுட்டிக்காட்டினார். இருக்கட்டும், ஆள் உண்மையிலேயே தேறாதவன் என்றால் காரணம் தப்பாக இருந்தால் என்ன, தீர்மானம் சரிதானே என்று மூன்றாமவர் கேட்டார். அதற்கும் பாதிப் பேர் கைதட்டினார்கள். ஸ்டான் எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன். முதுகும் வேணாம், முகமும் வேணாம். பக்கவாட்டுல நிப்போம்."

"நண்டு மாதிரியா?"

"ரெண்டு தரப்புக்கும் மரியாதையா இருக்கும்ல?"

மன்றம் சிரித்தது, ஆனால் முடிவு பிறக்கவில்லை. விதி மாறாது, தீர்மானம் நிற்கிறது என்று அறிவித்து ரோஸ் கூட்டத்தை முடித்தார். வாசலில் என் தோளைத் தட்டினார்.

"அந்தம்மாகிட்ட நீயே சொல்லிரு லென். அங்க வந்து உக்காந்த பிறகு தெரியக்கூடாது."

மறுநாள் காலை வெர்லீன் டூப்ரேயை அழைத்தேன். வேறு பகுதியில் இடம் மாற்றித் தருவதாகத்தான் தொடங்கினேன். ஏன் என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். தீர்மானத்தைச் சொன்னேன். துண்டறிக்கையை யார் எழுதியது என்பதையும் சொன்னேன். மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது. யாரோ அதை அதட்டினார்கள்.

"கார்வின் இதப் படிச்சிருக்கானா?" என்றார் வெர்லீன்.

"தெரியலம்மா."

"ஆர்லிஸ்?"

"தெரியலம்மா."

"உங்களுக்கு என்னதான்யா தெரியும்?"

அவரே தொடர்ந்தார்.

"என் புள்ள தப்பா ஆடினா நானே கத்துவேன். ஏழாவது வரிசைலேருந்து உங்க எல்லாரையும்விடச் சத்தமாக் கத்துவேன், கேட்டுக்குங்க. ஆனா அவன் உங்க ஊர்ல இன்னும் ஒரு அடி எடுத்து வைக்கலையே? எதப் பாத்துத் திரும்பறீங்க?"

"வேற எடம் வாங்கித் தரேம்மா. நிழல் இருக்கற எடம்."

"வேணாம். நான் அங்கதான் உக்காருவேன். டிக்கெட்டு என்கிட்ட இருக்கு. பீன்ஸும் கொண்டாருவேன். நாப்பது பேருக்குன்னு சொல்லிட்டேன்ல."

தொலைபேசி வைக்கப்பட்டது.

நூற்றுப் பதினேழாம் பகுதியின் மக்களே, ஆர்லிஸ் டூப்ரே நல்ல ஆட்டக்காரனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஸ்டானுக்குத் தெரியாது, டெல்ஃபினுக்குத் தெரியாது. அவனை எடுத்தவர்களுக்குத் தெரியுமா என்பதே எனக்கு ஐயம். அவன் நாளைக்குப் பந்தில்லாதவனை மறுபடி கட்டிப்பிடிக்கலாம், அல்லது பத்தாண்டு எங்கள் கோட்டைக் கதவாக நிற்கலாம். இரண்டும் இந்த நிமிடத்தில் ஒரே அளவு சாத்தியம். இந்தக் குழப்பத்தை என்னால் தீர்க்க முடியவில்லை. தீர்ந்துவிட்டதுபோல் நடித்து ஒருமுறை எழுதினேன். அதன் விளைவைப் பார்த்துவிட்டீர்கள்.

தீர்மானத்தை மாற்ற விதி தடுக்கிறது. ஆனால் உங்கள் கால்களைத் திருப்ப எந்த விதிக்கும் அதிகாரம் இல்லை. மீறுகிறவர்களை மன்றத்திலிருந்து நீக்கலாம் என்கிறீர்களா? முதலில் என்னை நீக்குங்கள். விதியை எழுதியவன் நான், மீறப்போகிறவனும் நான். என் துண்டறிக்கை வைத்திருப்பவர்கள் அதை இன்றே கிழித்துப் போடுங்கள். மற்றவர் கையில் கண்டால் வாங்கிக் கிழியுங்கள். பயிற்சி நாளான சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள். ஏழாவது வரிசையில் தொப்பி அணிந்த இரண்டு பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இருபுறமும் இடம் காலியாக விடாதீர்கள். அவன் ஓடிவரும்போது எழுந்து நில்லுங்கள், களத்தை நோக்கி நில்லுங்கள். கைதட்டச் சொல்லவில்லை. தட்டத் தோன்றாவிட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அவன் தோற்றால், தொண்டை கிழியக் கத்துங்கள். அதுவரை அவனைப் பாருங்கள்!